மெழுகிய தரையும் ஏழடிப் படகும்



போன வாரம் இங்கிலாந்தில் இருக்கும் ஒரு மாணவி வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தாள். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவள். பெயர் போடக்கூடாது என்று உத்தரவு, அதனால் போடவில்லை. பர்மிங்காம் பக்கம் கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து முப்பதடி நீளத்தில் ஒரு பழைய கால்வாய்ப் படகு வாங்கியிருக்கிறார்களாம். சனி, ஞாயிறு போய்த் தங்குவதற்கு. உள்ளே இருந்ததை எல்லாம் பிரித்து எறிந்தாகிவிட்டது. இப்போது வெறும் இரும்புக்கூடுதான் நிற்கிறது.

"சார், உள்ளே சுவருக்கு என்ன போடலாம்? பலகையா, பிளைவுட்டா, சன்மைக்காவா? தரைக்கு என்ன போடலாம்? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க சார்" என்று கேட்கிறாள்.

வரலாற்று வாத்தியாரிடம் கேட்கிற கேள்வியா இது? எங்கள் வீட்டுச் சமையலறைக்கு எந்த நிற டைல்ஸ் என்பதையே உங்கள் டீச்சரம்மாதான் முடிவு செய்தார். என் பங்கு பணம் கொடுத்தது மட்டும். ஆனாலும் கேள்வி என்னை விடவில்லை. அவள் வாங்கியிருக்கும் படகுக்குப் பின்னால் 250 ஆண்டுக் கதை இருக்கிறது. அந்தக் கதையில் சுவருக்கு என்ன பூசினார்கள் என்பது சின்ன விஷயம் இல்லை. அவளுக்கு மட்டும் பதில் எழுதுவதை உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் உட்கார்ந்தவர்கள்தானே, பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொழிற்புரட்சி பாடத்தில் ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பெயர் சொல்லியிருக்கிறேன், நினைவிருக்கிறதா? பெரிய படிப்பு இல்லாத மனிதர், ஆலை இயந்திரங்களைப் பழுது பார்த்தவர். வொர்ஸ்லி சுரங்கத்து நிலக்கரியை மான்செஸ்டருக்குக் கொண்டுபோக அவர் பொறியாளராக இருந்து வெட்டிய பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் 1761-இல் திறக்கப்பட்டது. மான்செஸ்டரில் கரி விலை ஏறக்குறைய பாதியாக இறங்கியது. உடனே நாடெங்கும் கால்வாய் வெட்டும் ஆசை பிறந்தது. 1766-இல் டிரென்ட், மெர்ஸி என்ற இரு ஆறுகளையும் இணைக்கும் கால்வாய்க்கு முதல் மண்ணை வெட்டியவர் பீங்கான் தொழிலதிபர் ஜோசையா வெட்ஜ்வுட். குண்டும் குழியுமான சாலையில் வண்டி போனால் அவர் சரக்கு என்ன ஆகும் என்று சொல்லவா வேண்டும்?

மேட்டில் ஏறி இறங்க, கால்வாயில் நீர்ப்பூட்டுகள் வேண்டும். படகு உள்ளே வந்ததும் கதவை அடைத்து, நீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்கு அனுப்பும் தொட்டி அது. தொட்டி பெரிதானால் செலவும் அதிகம், ஒவ்வொரு முறையும் தீரும் நீரும் அதிகம். ஆகவே பிரிண்ட்லி இந்தக் கால்வாய்க்குச் சுமார் ஏழடி அகலமே வைத்தார். அதில் நுழைய வேண்டிய படகு எழுபதடி நீளம் இருக்கலாம், அகலம் ஏழடிக்கு உள்ளேதான் இருக்க வேண்டும். இங்கிலாந்தின் நடுப்பகுதி முழுக்க இந்த அளவே நிலைத்துவிட்டது.

ஒரு பொறியாளர் சிக்கனத்துக்காகப் போட்ட அளவு, நூறு ஆண்டு கழித்து ஒரு குழந்தை எவ்வளவு இடத்தில் படுத்துத் தூங்கலாம் என்பதைத் தீர்மானித்தது. எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் படகோட்டிகளில் பலருக்குக் கரையில் வீடு இருந்தது. 1830-களுக்குப் பிறகு இரயில் வந்தது, போட்டி வந்தது, சரக்குக் கட்டணம் விழுந்தது. கூலியாள் வைக்கவும் கட்டாது, வீட்டு வாடகை கொடுக்கவும் கட்டாது. மனைவி, மக்களைப் படகிலேயே ஏற்றிக்கொண்டார்கள். மனைவி சுக்கான் பிடித்தாள், பிள்ளைகள் குதிரையை நடத்தினார்கள். எழுபதடிப் படகில் பெரும்பகுதி சரக்குக்கு. இருபத்தைந்து டன்னுக்கு மேல் ஏற்றுவார்கள். குடும்பத்துக்கு மிஞ்சியது பின்பக்கம் ஓர் அறை. நீளம் ஏறக்குறைய பத்தடி, அகலம் ஏழடிக்கும் குறைவு, உயரம் ஐந்தடிக்குச் சற்று மேல். அவ்வளவுதான் வீடு.

அந்த அறையை மனதில் வரைந்து பாருங்கள். வாசலில் இறங்கினால் காலை வைக்கும் படியே கரிப்பெட்டி. பக்கத்தில் இரும்பு அடுப்பு. அதை அடுத்து ஓர் அலமாரி, அதன் கதவைக் கீழே சாய்த்தால் அதுவே சாப்பாட்டு மேசை. எதிர்ப்பக்கம் பெட்டிபோல் ஒரு இருக்கை, இரவில் அது பிள்ளைகளின் படுக்கை. கோடியில் இன்னோர் அலமாரி. அதன் கதவை மடக்கி இறக்கினால் படகின் குறுக்கே கணவன் மனைவிக்கான படுக்கை. பகலில் எல்லாம் மடங்கிச் சுவருக்குள் போய்விடும்.

இப்போது மாணவியின் கேள்விக்கு வருவோம். இந்த அறையின் சுவர் எதையெல்லாம் தாங்க வேண்டும்? ஒரு பக்கம் கரியடுப்பு, புகை, சூடு. மறுபக்கம் தண்ணீர், ஈரம். உள்ளே ஐந்தாறு பேரின் மூச்சும் சமையல் ஆவியும் குளிர்ந்த பலகையில் வேர்க்கும். திரும்பினால் தோள் இடிக்கும், எழுந்தால் கை ஊன்றும். வேலை செய்துவிட்டு வரும் கை கரியும் கயிற்று அழுக்கும் படிந்த கை. பலகையோ விலை மலிந்த ஊசியிலை மரம், தேக்கோ ஓக்கோ இல்லை.

அதற்கு அவர்கள் கண்ட வழிக்கு ஸ்கம்பிள் என்று பெயர். முதலில் வெளிர் மஞ்சள் கலந்த அடிப்பூச்சு. அது காய்ந்ததும், அடிநிறம் தெரியும்படி பழுப்பு நிறத்தில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. ஈரம் காய்வதற்குள் சீப்பு மாதிரி ஒரு கருவியால் இழுத்தால் ஓக் மரத்தின் ரேகை விழும். துணி சுற்றிய விரலால் அங்கங்கே துடைத்து எடுத்தால் ஓக்கில் மின்னும் வெளிர் திட்டுகளும் வந்துவிடும். மேலே வார்னிஷ். மலிவுப் பலகை மாளிகைக் கதவாகிவிட்டது!

போலி என்று சிரிக்கத் தோன்றும். பயனைப் பாருங்கள். பழுப்பு ரேகைமேல் கைக்கறையும் புகையும் எடுப்பாகத் தெரியாது. வார்னிஷ்மேல் ஈரத்துணி போட்டுத் துடைத்தால் போய்விடும். ஓரிடத்தில் அடிபட்டால் அந்த இடத்தை மட்டும் தேய்த்துப் பூசி ஒப்பேற்றலாம். பலகை இடுக்குகளில் மூட்டைப்பூச்சி குடியேறுவது அன்றைக்குப் பெரிய தொல்லை. கந்தகம் எரித்துப் புகை போடுவார்கள். இடுக்கை அடைத்துப் பூசுவது பூச்சிக்கும் ஒரு தடை.

அதோடு நிறுத்தவில்லை. அலமாரிக் கதவுகளில் ரோஜாப்பூ. மேசைக் கதவில் ஒரு கோட்டை, ஏரி, பாலம், பின்னால் மலை. தண்ணீர்க் குடத்திலும் வாளியிலும் பூ. 1858-இல் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் ஜான் ஹாலிங்ஸ்ஹெட் என்பவர் லண்டனிலிருந்து ஒரு சரக்குப் படகில் போன அனுபவத்தை எழுதினார். அதிலேயே இந்தக் கோட்டை ஓவியமும் வண்ணம் பூசிய தண்ணீர்ப் பாத்திரமும் வருகின்றன. பிற்காலத்தில் பிரான்ஸ்டன் என்ற ஊரில் படகுப் பட்டறை வைத்திருந்த ஃபிராங்க் நர்சர் போன்றவர்கள் கை வைத்தால் தனி மதிப்பு. சுவரில் ஓரத்துளைப் பீங்கான் தட்டுகளை ரிப்பன் கோத்து மாட்டினார்கள். அடுப்புக்கு மேலே பித்தளைக் கம்பி, பித்தளைக் குமிழ்கள். தினமும் துலக்கினார்கள்.

ஏன் இவ்வளவு? பத்தடி அறைக்கு இத்தனை பூ எதற்கு?

விடை கரையில் இருந்தது. கரைக்காரர்கள் படகுக்காரர்களை அழுக்குப் பிடித்தவர்கள், திருடர்கள், படிப்பில்லாதவர்கள் என்றுதான் பேசினார்கள். படகு ஓரிடத்தில் நிற்காததால் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத தலைமுறைகள் உருவாயின. ஊர் மதிக்காத மனிதர்கள் தங்கள் மதிப்பைத் தாங்களே சுவரில் எழுதிவைத்தார்கள். நான் இதை அப்படித்தான் வாசிக்கிறேன்.

இந்த இடத்தில் ஒரு நல்ல மனிதர் வருகிறார். கோல்வில் ஊர் ஜார்ஜ் ஸ்மித். ஒன்பது வயதிலேயே செங்கல் சூளையில் களிமண் சுமந்தவர். சூளைக் குழந்தைகளுக்காகப் போராடி 1871-இல் சட்டம் கொண்டுவரச் செய்தவர். அடுத்துப் படகுக் குழந்தைகள் பக்கம் திரும்பினார். 1875-இல் அவர் எழுதிய புத்தகம் படகறைகளின் நெரிசலையும் அழுக்கையும் நோயையும் கடுமையாக எடுத்துச் சொன்னது. கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேர் இப்படி வாழ்கிறார்கள் என்றார். அது மிகை என்று பின்வந்த ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனால் நெரிசல் பொய்யல்ல. 1877-இல் கால்வாய்ப் படகுச் சட்டம் வந்தது, 1884-இல் அதற்குப் பல் முளைத்தது. படகைப் பதிவு செய்ய வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவருக்கு ஆளுக்கு 60 கன அடி, சிறு பிள்ளைக்கு 40 கன அடி இடம் வேண்டும் என்று விதி எழுதினார்கள். கணக்குப் போடுங்கள். அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள் என்றால் 240 கன அடி. எட்டடி நீளம், ஆறடி அகலம், ஐந்தடி உயரம். அது சட்டம் தந்த தாராளம்!

ஆய்வாளர்கள் படகுக்குள் இறங்கிப் பார்த்தார்கள். ஆள் எண்ணிக்கை, காற்றோட்டம், தண்ணீர்ப் பீப்பாய், அடியில் தேங்கும் அழுக்கு நீர், உட்புறப் பூச்சு எல்லாவற்றையும் குறித்தார்கள். அதனால் நன்மை விளைந்தது, மறுக்கவில்லை. ஆனாலும் ஸ்மித் வரைந்த சித்திரம் படகுக்காரர்களைப் புண்படுத்தியது. காலையில் எழுந்து பித்தளை துலக்கிய பெண், தன் வீட்டைப் பற்றி நாடு முழுக்க அருவருப்பாகப் பேசுவதைக் கேட்டால் எப்படி இருக்கும்?

அதே 1877-இல் இங்கே என்ன நடந்தது தெரியுமா? தாது வருஷப் பஞ்சம். நம் பள்ளிக்குப் பின்னால் ஓடுகிறதே பக்கிங்காம் கால்வாய், அதன் ஒரு பகுதி, சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் துண்டு, அந்தப் பஞ்ச நிவாரண வேலையில்தான் வெட்டப்பட்டது. அன்றைய ஆளுநரின் பெயரையே கால்வாய்க்கு வைத்தார்கள். விறகும் உப்பும் ஏற்றிய தோணிகள் அதில் போயின. வெட்டியவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

அந்தக் கால்வாய்க் கரையில் எனக்கு நடந்த ஒன்றை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. இன்று சொல்லிவிடுகிறேன்.

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு முந்தின ஆண்டே வீட்டுப் பட்டியல் எடுத்தார்கள். ஆசிரியர்களான எங்களுக்குத்தான் அந்த வேலை. படிவத்தில் ஒரு பகுதி: கூரை எதனால் ஆனது, சுவர் எதனால் ஆனது, தரை எதனால் ஆனது. மண்ணுக்கு ஓர் எண், சிமெண்டுக்கு ஓர் எண், மொசைக்குக்கு ஓர் எண். உப்பளத் தொழிலாளர்கள் இருந்த தெருவில் ஒரு வீடு. என் வகுப்பு மாணவன் ஒருவனின் வீடு. ஒரே அறை, ஓலைக்கூரை. நான் வாசலில் நின்றபடியே குனிந்து பார்த்துத் தரைக்கு மண் என்று எழுதினேன்.

அவன் அம்மா கேட்டார்: "மண்ணு தரைன்னு எழுதிக்கிட்டீங்களா சார்? காலையிலதான் சாணி போட்டு மெழுகினேன். உள்ள வந்து பாருங்க."

உள்ளே போனேன். தரை கண்ணாடி மாதிரி இருந்தது. சுவர் ஓரம் முழுக்கச் செம்மண் பூசி, அதன்மேல் வெள்ளைக் கோடு இழுத்திருந்தார். அடுப்பு மேடையில் கரி ஒட்டு இல்லை. கவிழ்த்து வைத்த நாலு பாத்திரமும் பளபளவென்று இருந்தன. சுவரில் ஆணியடித்து அவனுடைய பள்ளிச் சட்டை மாட்டியிருந்தது. துவைத்து மடிப்புக் கலையாமல்.

"படிவத்துல அதுக்கு இடம் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அது உண்மைதான். ஆனால் அந்த வாரம்தான் அதே பையனை, சட்டையில் உப்புக்கறை இருக்கிறது என்று, "வீட்டுல தண்ணியே இல்லையாடா?" என்று வகுப்பு முன்னால் கேட்டிருந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் விடியற்காலையில் உப்பளத்தில் வேலை செய்துவிட்டு நேரே பள்ளிக்கு வருகிறவன் என்பது அந்தத் தரையைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. மறுநாள் அவனிடம் ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாத்தியார் கௌரவம். அவன் இதைப் படிக்கிறானா என்று தெரியாது. படித்தால், தம்பி, அன்று நான் கேட்டது தப்பு.

சரி, படகுக்குத் திரும்புவோம். 1948-இல் கால்வாய்கள் பெரும்பாலும் அரசுடைமை ஆயின. அரசுப் படகுகளுக்கு நீலமும் மஞ்சளும் பூசினார்கள். பழைய அலங்காரம் குறைந்தது. 1962-63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து கிடந்தன. அத்தோடு பெரும்பாலான சரக்குப் போக்குவரத்து முடிந்தது. லண்டன் சவுத்தாலில் இருந்த ஒரு ஜாம் தொழிற்சாலைக்குக் கரி கொண்டுபோன நீண்ட தூர ஓட்டமும் 1970-இல் நின்றது. பிறகு அந்தப் படகுகள் பொழுதுபோக்குக்கு வந்தன. புதிய படகுகள் இரும்புத் தகட்டில் வந்தன. உள்ளே பிளைவுட்டும் லேமினேட்டும் வந்தன.

லேமினேட்டுக்கும் ஒரு கதை உண்டு. 1913-இல் அமெரிக்காவில் ஹெர்பர்ட் ஃபேபர், டேனியல் ஓகானர் என்ற இருவர் தொடங்கிய நிறுவனம் ஃபார்மைக்கா. மின்கருவிகளில் மைக்காவுக்குப் பதிலாகப் பயன்படும் காப்புப் பொருள் என்பதால் அந்தப் பெயர். பிறகுதான் அதன்மேல் மரரேகை அச்சிட்டு மேசைக்கும் சுவருக்கும் கொண்டுவந்தார்கள். நம் ஊர் ஆசாரி இன்றைக்கும் "மைக்கா ஒட்டலாமா சார்?" என்கிறார். மைக்காவே இல்லாத பொருளுக்கு மைக்கா என்று பெயர்!

தரைக்குப் போடும் லினோலியம் அதற்கும் மூத்தது. பெயின்ட் டப்பாவில் ஆளிவிதை எண்ணெய் காய்ந்து ஆடை படிந்திருப்பதைக் கவனித்த ஃபிரெடரிக் வால்டன், 1863-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். காய்ந்த எண்ணெயோடு தக்கைத்தூளும் பிசினும் கலந்து துணிமேல் அழுத்துவது. அடித்துணிக்கு வங்காளத்துச் சணல் போயிற்று. எண்ணெய்க்கு நம் நாட்டு ஆளிவிதையும் போயிற்று. ஏழைவீட்டுச் சமையலறை முதல் பெரிய கப்பல்கள் வரை அது பரவியது.

இப்போது உனக்குப் பதில், அம்மா.

இரும்புப் படகு உள்ளே வேர்க்கும். முதலில் வெப்பக்காப்பும் காற்றோட்டமும் சரிசெய். அதைச் செய்யாமல் மேலே எதை ஒட்டினாலும் பின்னால் அழுகும். சுவரில் கம்பளம் ஒட்டச் சொல்வார்கள், வேண்டாம். ஈரத்தைக் குடித்துக்கொண்டு வெளியே சிரித்துக்கொண்டிருக்கும். சுவருக்குப் பலகையோ நல்ல பிளைவுட்டோ போட்டுப் பூசு. பிளைவுட்டின் வெட்டு ஓரங்களை விட்டுவிடாதே, ஈரம் அங்கேதான் நுழையும். கூரைக்கு வெளிர் நிறம் கொடு, சின்ன அறை மூச்சுவிடும். அடுப்புப் பக்கம் மரம் வேண்டாம், தீப்பிடிக்காத பலகைமேல் ஓடு பதி. சமையல் மேடைக்கு மைக்கா போடு, அதில் வெட்கம் ஒன்றும் இல்லை, ஒரு துடைப்பில் சுத்தமாகும். தரைக்கு லினோலியம் போதும். ஆனால் அங்கங்கே தூக்கிப் பார்க்கக் கதவு வை. படகின் அடி உன் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

கடைக்காரன் "மெயின்டெனன்ஸே வேண்டாம் மேடம்" என்று சொல்லும் பொருளைப் பார்த்து மயங்காதே. உன் கையால் துடைக்கவும், கீறல் விழுந்தால் நீயே சரிசெய்யவும் முடிகிற பொருளை எடு. அந்தப் படகுப் பெண்களின் பூச்சும் நம் அம்மாக்களின் மெழுகிய தரையும் அந்த வகைதான். இரண்டும் கை படப்படத்தான் பளபளத்தன.

நேரம் கிடைத்தால் ஸ்டோக் ப்ரூயர்ன் ஊரில் 1963-இல் தொடங்கிய கால்வாய் அருங்காட்சியகத்துக்குப் போய் வா. படம் எடுத்து அனுப்பு. ஓர் அலமாரிக் கதவையாவது பூசாமல் விட்டு வை. அதில் ரோஜா வரைவாயோ கோலம் போடுவாயோ, உன் விருப்பம்.

மற்றவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். நீங்கள் பிறந்து வளர்ந்த வீட்டின் தரை எது? அதை யார், எதை வைத்துச் சுத்தம் செய்தார்கள்? கீழே எழுதுங்கள். வெறும் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போகக் கூடாது.

எல்லோரும் நலமாக இருங்கள்.

உங்கள் வரலாற்று சார்